இருபத்து மூன்று படிகளுக்கு ஒரு விளக்கு

குத்தாயிசியில், ரியோனி ஆற்றைப் பார்த்துச் சரியும் தெருவில்
நீதிமன்றம் ஒரு வீட்டை இரண்டாக்கியது.
கீழ்த்தளம் ஸயிராவுக்கு.
மேல்தளம் நுக்ஸாருக்கு.
வெளியே ஏறும் மரப்படிக்கட்டைப் பிளக்க மட்டும்
எந்தச் சட்டத்திலும் இடமில்லை.
இருபத்து மூன்று படி, ஒரு பல்பு,
ஒரே சுவிட்ச்.
அதுவும் அவள் கதவுக்கு உள்ளே.

ஒன்பது வருஷத்தில் அவர்களுக்குள் மிஞ்சியது ஒரு சொல்.
"விளக்கு!" என்பான் நுக்ஸார், முற்றத்தில் நின்று.
டக்.
ஏறி முடித்ததும் மறுபடி, "விளக்கு!"
டக்.
சில இரவுகளில் அவள் முந்திக்கொண்டு அணைப்பாள்.
பதினாறாம் படியில் அவன் இருட்டில் நின்று
ஒரு வசவை மென்று விழுங்குவது
அவளுக்குக் கேட்குமாம். அவளே சொன்னாள், சிரிக்காமல்.

அந்த ஒரு சொல்லையும் அறுக்கத்தான்
என்னைக் கூப்பிட்டார்கள்.
கூலி ஆளுக்குப் பாதி.

சுவரைத் திறந்தேன். சோவியத் காலத்து அலுமினியம்.
மூன்று முறை வளையும், நான்காவதில் ஒடியும்.
புதுச் செம்புக் கம்பியோடு அதை நேராக முறுக்கினால்
ஒன்றும் ஆகாதது போல இருக்கும்,
உள்ளுக்குள் கருகும்,
ஒரு மழைக்காலத்தில் பற்றிக்கொள்ளும்.
நடுவில் பித்தளைக் கட்டை வைத்து
தனித்தனித் திருகில் இறுக்க வேண்டும்.
சேராத இரண்டைச் சேர்க்க இதுதான் வழி என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ஏணியைப் பிடித்திருந்தது நுக்ஸார்.
சொல்லவில்லை.

மின்சாரம் கீழ் சுவிட்சின் நடு முனையில் நுழைகிறது.
மேல் சுவிட்சின் நடு முனையிலிருந்து பல்புக்குப் போகிறது.
இடையில், படிகளின் அடிவயிற்றை ஒட்டி
சாம்பலும் கருப்புமாய் இரண்டு கம்பிகள்
ஜோடியாய் ஏறுகின்றன.
எந்நேரமும் ஒன்றில் உயிர் இருக்கும்.
எதில் என்பது கீழே இருப்பவர் கையில்.
மேலே இருப்பவரும் அதையே தொட்டால் வெளிச்சம்,
மற்றதைத் தொட்டால் இருட்டு.
வேலை அவ்வளவுதான். மதியத்துக்குள் முடிந்தது.

மூன்றாம் நாள் ஸயிராவின் போன்.
"தப்பாக மாட்டியிருக்கிறாய், மக்வலா.
நேற்று மேலே தள்ளினால் எரிந்தது.
இன்று மேலே தள்ளினால் அணைகிறது.
எதை நம்புவது?"
"உன் சுவிட்சுக்கு இனித் தனியாக அர்த்தம் கிடையாது" என்றேன்.
"அவன் தன்னுடையதை எப்படி விட்டிருக்கிறானோ
அதைப் பொறுத்தது."
நெடுநேரம் சத்தமில்லை.
பிறகு எங்கள் பக்கத்து வசவு ஒன்று வந்தது.
எழுத ஆகாது.

ஜனவரியில் ஓர் இரவு பனி கொட்டி
ஊர் முழுக்க மின்சாரம் போனது.
படிவிளக்கு எரிந்துகொண்டிருந்த நேரம்.
கட்டணத்துக்கு அஞ்சுகிறவர்கள் இருவரும்.
கரண்ட் வந்தால் வீணாய் எரியுமே என்று
படுக்கப் போகுமுன் அவள் ஒரு முறை அழுத்தினாள்.
அவனும் மேலே ஒரு முறை.
ஒன்றை ஒன்று அழித்துவிட்டது.

அதிகாலை மூன்றுக்குக் கரண்ட் வந்தபோது
இருபத்து மூன்று படிகளிலும் பனி மஞ்சளாய் ஒளிர்ந்தது.
விடியும்வரை யாரும் அணைக்கவில்லை.

எட்டு மணிக்கு ஸயிரா:
"இரவெல்லாம் எரியவிட்டிருக்கிறான் மடையன்.
யாருக்காக? நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.
படியில் காலடித் தடம்கூட இல்லை.
உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ,
எனக்கென்ன."

எட்டேகாலுக்கு நுக்ஸார்:
"அவள் அணைக்கவே இல்லை.
இருட்டுக்குப் பயப்படுகிறவள் இல்லையே.
விட்டுவிட்டேன். எரியட்டும்.
நீ வந்து கம்பியை ஒரு தரம் பார்க்கிறாயா?"

கணக்கு எனக்குத் தெரியும்.
இரண்டு அழுத்தல், பழைய நிலை.
ஒரு தாளில் கோடு போட்டே காட்டியிருக்கலாம்.
அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.
இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்:
இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை.

நுக்ஸார் தரவேண்டிய பாதிக் கூலி
இன்னும் வரவில்லை.